நாய்க்கு மைக்ரோசிப்: போடும்போது கவனிக்க வேண்டியவை, எடுக்க நினைக்கும்போது யோசிக்க வேண்டியவை

வீட்டு நாய்க்கு லைசென்ஸ் வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 கடைசியில் சென்னை மாநகராட்சி சொன்னதும், புளியந்தோப்பு, நுங்கம்பாக்கம், கண்ணம்மாப்பேட்டை என்று மாநகராட்சி கிளினிக் இருக்கும் இடமெல்லாம் வரிசை. நானும் என் சிப்பிப்பாறை நாயை இழுத்துக்கொண்டு (சரியாகச் சொன்னால் அவன் என்னை இழுத்துக்கொண்டு) போய் நின்றேன். அங்கே காதில் விழுந்த கேள்விகளில் பாதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால்தான் இது.

முதலில் சிப் என்றால் என்ன. 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு கண்ணாடிக் குழாய், வெந்த பாஸ்மதி அரிசி ஒன்றைத் தட்டில் தனியாக எடுத்து வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. உள்ளே மெல்லிய கம்பிச்சுருள், எண் பதிந்த ஒரு துணுக்கு, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் அதிலிருந்து வரும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலை சிப்பை எழுப்பும், அது தன் 15 இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். எனக்கு முன்னால் நின்றவர், நாய் ஓடிப்போனால் போனில் மேப் திறந்து பார்க்கலாம்தானே என்று கேட்டார். முடியாது, இதில் ஜிபிஎஸ் இல்லை. உங்கள் பெயரோ முகவரியோகூட அதற்குள் இல்லை. எண் மட்டும்தான் நாயிடம், மற்றதெல்லாம் எங்கோ ஒரு பதிவேட்டில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

போவதற்கு முன் தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று, உங்கள் படம், நாயின் படம் எல்லாம் கையில் இருக்கட்டும், லைசென்ஸுக்கு எப்படியும் கேட்பார்கள். இரண்டு மாதக் குட்டியிலிருந்தே சிப் போடலாம். ஊசி தடுப்பூசி ஊசியைவிடத் தடிமன், அதனால் கருத்தடை அறுவை எப்படியும் அடுத்த சில வாரங்களில் இருக்கிறது என்றால் அந்த மயக்கத்திலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.

மேசையில் ஏற்றியதும் மூன்று ஸ்கேன் நடக்க வேண்டும், இதில் மட்டும் கூச்சப்படாமல் கேளுங்கள். பாக்கெட்டில் இருக்கும்போதே சிப்பை ஸ்கேன் செய்து, கூட வரும் ஸ்டிக்கர் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது ஒன்று. நாயின் உடம்பு முழுக்க ஸ்கேன் செய்து ஏற்கெனவே சிப் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு, வாங்கிய நாயாக இருந்தால் இது ரொம்ப முக்கியம். போட்ட பிறகு உள்ளே இருப்பது படிக்கிறதா என்று பார்ப்பது மூன்று. கூட்டம் அதிகமாக இருந்தால் முதல் இரண்டும் காணாமல் போய்விடும். என் நாய்க்கு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், பிடரிக்குச் சற்றுக் கீழே தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து ஒரே அழுத்து. கத்தவில்லை, என்னை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஊசி எடுத்த இடத்தில் கடுகளவு ரத்தம், பஞ்சால் ஒற்றியதும் நின்றுவிட்டது.

ஓரிரு நாள் குளிப்பாட்டாதீர்கள், அந்த இடத்தைப் பிசையாதீர்கள், உடம்பைச் சுற்றிப் போடும் வாரை விட்டுவிட்டுச் சாதாரணக் கழுத்துப்பட்டை போடுங்கள். சுற்றியுள்ள திசு சிப்பைப் பிடித்துக்கொள்ளச் சில வாரம் ஆகும், அதற்குள் கொஞ்சம் நகரலாம். என் நாயிடம் அது இடது தோள் பக்கம் வந்துவிட்டது, கொழுப்பே இல்லாத உடம்பு என்பதால் விரலில் தட்டுப்படும். கவலைப்பட ஒன்றுமில்லை, ஆனால் வருடாந்தரத் தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் ஒரு தடவை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

பலரும் கோட்டை விடும் இடம் பதிவு. யார் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறுகிறது என்று கேளுங்கள், மாநகராட்சியிலா, சிப் விற்ற கம்பெனியிலா? நாடு முழுக்க ஒரே இடத்தில் தேடுகிற பொதுப் பதிவேடு நம்மிடம் இல்லை, ஆகவே எந்தப் பதிவேடு என்று தெரியாத எண்ணால் பிரயோசனம் குறைவு. ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, போனில் படமும் எடுத்து வையுங்கள். போன் நம்பர் மாற்றினால் பதிவேட்டிலும் மாற்றுங்கள்.

சரி, எடுக்கலாமா?

நாயின் உடம்புக்காக என்றால் எடுக்கலாம், மனிதர்களின் வசதிக்காக என்றால் கூடாது என்பது என் பதில். உள்ளே போனது ஒரு நொடி என்றால் வெளியே எடுப்பது அறுவை: மயக்க மருந்து, கீறல், திசு பிடித்துக்கொண்ட அரிசியளவுப் பொருளைத் தேட எக்ஸ்ரே, தையல். 2016 ஏப்ரலில் நாய்களுக்குச் சிப் கட்டாயமான இங்கிலாந்தில், மருத்துவக் காரணம் இல்லாமல் சிப்பை எடுப்பதை 2006 விலங்கு நலச் சட்டத்தின்படி சட்டவிரோத உறுப்புச் சிதைப்பாகவே அங்குள்ள கால்நடை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டு நெறி பார்க்கிறது, காரணம் இருந்தாலும் அதை எழுதி வைக்க வேண்டும். நம் 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ம் பிரிவும் தேவையில்லாத வலி கொடுப்பதைக் குற்றம் என்கிறது.

நியாயமான காரணங்கள் குறைவு. சிப் இருக்கும் இடத்தில் ஆறாத சீழ், கட்டி. அல்லது கழுத்தை எம்ஆர்ஐ எடுக்கும்போது சிப் அருகில் படம் கெட்டுப்போவது, அதுவும் அந்த இடத்தைத்தான் பார்த்தாக வேண்டும் என்றால். சிப் படிக்கவில்லை என்பது காரணமே இல்லை, செத்த சிப்பை அங்கேயே விட்டுவிட்டு இன்னொன்று போட்டு, இரண்டு எண்ணையும் எழுதி வைத்தால் போதும். வெளிநாடு போகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நம் நாட்டிலிருந்து நாயைக் கொண்டுபோக முதலில் சிப், அப்புறம் வெறிநோய்த் தடுப்பூசி, 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. எல்லாத் தாளும் அந்த ஒரே எண்ணில்தான் தொங்குகிறது, எடுத்தால் முதலிலிருந்து.

வாங்கிய நாயின் சிப் விற்றவர் பெயரில் இருக்கிறது, பாகம் பிரித்தபோது நாய் தம்பி வீட்டுக்குப் போய்விட்டது, இதெல்லாம் பதிவேட்டில் பெயர் மாற்றும் வேலை. பழையவரிடம் ஒரு கையெழுத்துக் கடிதம் வாங்கிவிட்டால் தீர்ந்தது, அதற்குப் போய் நாயை மயக்கிக் கீறுவானேன்?

என்னை யோசிக்க வைத்தது ஒன்றே ஒன்று. அடி வாங்கிக் கிடந்த நாயை மீட்டு வளர்க்கிறார் ஒருவர், பழைய ஆள் சிப்பைக் காட்டி உரிமை கேட்டு வந்துவிடுவானோ என்று பயந்து எடுக்கச் சொல்கிறார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிப் பதிவு, யார் பெயரில் பதிந்தது என்று காட்டும் ஒரு சாட்சி மட்டும்தான், முடிந்த தீர்ப்பு கிடையாது. காயங்களின் படம், டாக்டர் எழுதிய குறிப்பு, போலீஸில் கொடுத்த புகார் எல்லாம் இந்த நாயைப் பற்றியதுதான் என்று நிரூபிக்கப்போவதும் அதே எண்தான். எடுத்துவிட்டால் அவனுக்கு எதிரான சாட்சியை நீங்களே கலைக்கிறீர்கள். தவிர, எடுக்கும் டாக்டருக்கு உங்கள் கதை உண்மையா, நாய் திருடியவன் சொல்லும் கதையா என்று எப்படித் தெரியும்?

தெருவில் கண்டெடுத்த நாய் என்றால் முதலில் ஸ்கேன். ஸ்கேனரை மெதுவாக, பாம்பு நெளிகிற மாதிரி, பிடரியிலிருந்து முன்னங்கால் முட்டி, வயிறு வரை ஓட்டச் சொல்லுங்கள், இரும்புப் பட்டையைக் கழற்றிவிட்டு. சென்னையில் தெருநாய்களுக்கும் மாநகராட்சி சிப் போடுகிறது, ஆகவே எண் வந்தாலே வீட்டு நாய் என்று அர்த்தமில்லை. எண் 356-ல் தொடங்கினால் அது இந்தியாவின் குறியீடு, 9-ல் தொடங்கினால் பெரும்பாலும் தயாரித்த கம்பெனியின் குறியீடு, அதை வைத்து எந்தப் பதிவேட்டைக் கேட்பது என்று பிடிக்கலாம். தேதியும் எண்ணும் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, மாநகராட்சிக்கும் பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படம் போடும்போது முழு எண்ணைப் போடாதீர்கள். என் நாய்தான் என்று யாராவது வந்தால் கடைசி நான்கு இலக்கத்தை அவரிடம் கேளுங்கள், அது நெஞ்சில் இல்லாவிட்டாலும் புத்தகத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், எடுத்து வரச் சொல்லுங்கள்.