பழைய பிக்கப்பில் மைலேஜ் தேடுகிறவர்கள் தவறும் இடங்கள்

பழைய பிக்கப் ஓட்டுபவரிடம் “வண்டி என்ன கொடுக்குது?” என்று கேட்டுப் பாருங்கள். “பத்து கொடுக்கும்” என்று சட்டென்று பதில் வரும். எப்படிக் கணக்குப் பார்த்தீர்கள் என்றால் இழுப்பார். டாங்க் முள் பாதிக்கு வந்தபோது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்று எப்போதோ பார்த்த ஞாபகம், அவ்வளவுதான். முதல் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது. இப்போது என்ன கொடுக்கிறது என்று தெரியாமல் எதையோ மாற்றுகிறோம். பிறகு கூடியதா குறைந்ததா என்று மனதுக்குத் தோன்றியபடி சொல்லிக்கொள்கிறோம். காசு கொடுத்து மாற்றியிருப்பதால் கூடியது போலத்தான் தோன்றும்.

பங்கில் பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் அதேபோல் நிரப்பிக் கணக்குப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. ஆனால் ஒரு தடவை பார்த்தால் போதாது. பிக்கப்பின் டாங்க் பெரியது. வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலே 2 லிட்டர் முன்பின் ஆகிவிடும். 20 லிட்டர் நிரப்பிக் கணக்குப் போட்டால் அந்த 2 லிட்டர் 10 சதவீதப் பிழை. நாலைந்து முறை நிரப்பி, 150 லிட்டர் வாக்கில் சேர்த்துப் பார்த்தால் அதே பிழை ஒன்றரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

டயர் சைஸ் மாற்றியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 215/75 ஆர் 15 இருந்த இடத்தில் 235/75 ஆர் 15 போட்டால் டயரின் விட்டம் ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். வண்டி 104 கிலோமீட்டர் ஓடியிருக்க மீட்டர் 100 என்றுதான் காட்டும். உண்மையில் 10 கொடுக்கும் வண்டி கணக்கில் 9.6 ஆகிவிடும். டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்ற புலம்பலில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழை. பெரிய டயரின் எடை நிஜமாகவே தின்பது தனி.

கணக்கில் இன்னும் ஒரு விஷயம். 16 கொடுத்த காரை 20-க்கு ஏற்றினால் 100 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் லிட்டர் மிச்சம். 8 கொடுத்த பிக்கப்பை 10-க்கு ஏற்றினால் இரண்டரை லிட்டர் மிச்சம். “இந்தக் கிழட்டு வண்டியில் என்ன பெரிதாகக் கூடிவிடும்?” என்று விட்டுவிடுவதும் அதனால் தவறுதான். குறைவாகக் கொடுக்கும் வண்டியில்தான் சின்ன முன்னேற்றத்துக்கும் பலன் அதிகம்.

இன்ஜினில் தேடுவதற்கு முன்னால்

மைலேஜ் குறைந்தது என்றதும் எல்லோருடைய கையும் பானட்டுக்குத்தான் போகும். நானும் அப்படித்தான் போனேன். என் பழைய டீசல் பிக்கப் 11-லிருந்து மெல்ல 9-க்கு இறங்கியது. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிச் சோதித்து மாட்டியாயிற்று. டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் லேசான சரிவில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். அந்த இடத்தில் எப்போதும் தானாக உருளும் வண்டி, அன்று அசையாமல் நின்றது. இறங்கிப் போய்ப் பின்பக்க இடது சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனால் அடுப்புப் பக்கம் நின்ற மாதிரி அனல். ஹேண்ட் பிரேக் கேபிளின் உள்கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடித்துச் சிக்கியிருந்தது. லிவர் கீழே இறங்கிவிட்டாலும் கம்பி திரும்பி வரவில்லை; ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மாதக்கணக்கில் பிரேக் பிடித்தபடியே ஓட்டியிருக்கிறேன்! கேபிள் மாற்றிய பிறகு பழைய மைலேஜ் பெரும்பாலும் திரும்பிவிட்டது.

இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். முடிந்தவரை பிரேக்கில் கால் வைக்காமல், கடைசியில் வண்டியை அதன் போக்கில் ஓடவிட்டு நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய் ஒப்பிடுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அங்கே விஷயம் இருக்கிறது. முன்சக்கர டிஸ்க் பிரேக்கில் பேடை அழுத்தும் காலிப்பர் நகரும் பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கலாம். வயதான வண்டியில் பிரேக்கின் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி, போன ஆயிலைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்வதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும். வீல் பேரிங் போயிருந்தாலும் சூடு வரும், ஆனால் அதற்கு முன்னாலேயே சத்தம் கொடுத்துவிடும்.

டயர் காற்று விஷயத்தில் நடக்கும் தவறு, டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து அடிப்பது. அது அந்த டயர் தாங்கும் உச்சம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கும். பல பிக்கப்புகளுக்கு லோடு இல்லாதபோது ஒரு அளவு, லோடு ஏற்றினால் பின்டயருக்கு இன்னொரு அளவு. டயர் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். இதில் கிடைப்பது எவ்வளவு என்றால், நான்கிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். 10 பிஎஸ்ஐ குறைவாக ஓட்டினால் 2 சதவீதம். மாயம் எதுவும் இல்லை, ஆனால் செலவும் இல்லை. டயர் தேய்மானத்தில் மிச்சமாவதுதான் இதில் பெரிய தொகை. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலோ ரம்பப் பல் மாதிரி தேய்ந்தாலோ அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்சக்கர ஹப்பைக் கையால் லாக் செய்யும் வகை என்றால், சேற்றிலிருந்து வந்த பிறகு அந்த லாக்கை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் ஓவர் டிரைவ், அதாவது உச்ச கியரின் சுவிட்சைப் பாருங்கள். யாரோ ஒரு மேட்டில் அணைத்திருப்பார், மாதக்கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். பழைய வண்டி சூடேறினால் “அந்த தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடு, தண்ணி நல்லா ஓடும்” என்று சொல்லாத மெக்கானிக் குறைவு. என்னைக் கேட்டால் பழைய வண்டிக்குச் செய்யும் கெடுதல்களில் இதுதான் முதல் இடத்தில் வரும். இன்ஜின் தண்ணீர் 80, 90 டிகிரிக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும் என்று வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால், அல்லது திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால், ஹைவேயில் காற்று அடிக்க அடிக்க இன்ஜின் ஆறிப்போகும். குளிர்ந்த இன்ஜினில் எரிபொருள் சரியாக ஆவியாவதில்லை, ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் கம்ப்யூட்டர் “இன்னும் வண்டி சூடாகவில்லை” என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வராமல் கீழேயே கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள். உண்மையில் சூடேறும் வண்டிக்கு வைத்தியம் ரேடியேட்டரிலும் ஃபேனிலும் இருக்கிறது. ஃபேன் என்றதும் ஞாபகம் வருகிறது: ஃபேன் கிளட்ச் இறுகிப் போனால் இன்ஜின் எந்நேரமும் அந்தப் பெரிய விசிறியை முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் லாரி மாதிரி ஒரு இரைச்சல் வந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரே பதிலை எல்லா வண்டிக்கும் சொல்வதும் தவறு. இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டியில் ஃபில்டர் அடைத்தால், வரும் காற்றுக்கேற்ப கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும். இழுவை குறையும், மைலேஜ் பெரிதாக அசையாது. கார்புரேட்டர் வண்டியில் அப்படியில்லை. காற்று குறைந்தால் கலவை கெட்டியாகி பெட்ரோல் வீணாகும். டீசலில் காற்று போதாவிட்டால் கறும்புகை தள்ளும். டர்போ வண்டியில் புகை வந்தால் டீசல் பம்பைக் கழற்றும் முன் டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸில் கிழிசல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் காலத்து வண்டிகளில் பலர் மறந்துபோகும் ஒரு சாமான் வாக்குவம் அட்வான்ஸ். டிஸ்ட்ரிபியூட்டரோடு ஒட்டிய வட்டமான சின்ன டப்பா; இன்ஜின் உறிஞ்சும் விசையைக் கொண்டு ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளுவது இதன் வேலை. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தாலும் வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் சீரான வேகத்தில் போகும்போது பெட்ரோல் அதிகம் குடிக்கும். அதன் ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள். நாக்கை வைத்து அடைத்தால் பிடித்து நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் சவ்வு போயிற்று.

செக் இன்ஜின் விளக்கு எரிவதை “அது எப்பவும் எரியும்” என்று பழகிக்கொள்வதும் செலவுதான். ஆக்சிஜன் சென்சார் செத்துப்போனால் கலவையைச் சரிபார்க்க ஆளில்லாமல் பெட்ரோல் கொட்டும்.

வாங்கி மாட்டுவது, கேட்டுச் செய்வது

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், காற்றைச் சுழற்றும் தகடு போன்றவற்றைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி 100-க்கும் மேற்பட்ட சாமான்களை ஆராய்ந்தது. குறிப்பிடத்தக்க அளவில் மைலேஜ் கூட்டியதாக அது எதையும் கண்டுபிடிக்கவில்லை.

காற்று தடையில்லாமல் போகட்டும் என்று பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவு மூடியிருக்கும்போது, லோடு ஏற்றும் பின்தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் உருவாகிறது. கேபின் மேலிருந்து வரும் காற்று அந்தச் சுழலின் மேல் வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விடும். கதவை இறக்கினால் அந்தச் சுழல் கலைந்துவிடும். மூடியே ஓட்டுங்கள். தொட்டியில் போன வருடம் ஏற்றிய சங்கிலி, கல், பழைய டயர் கிடந்தால் அதை இறக்குங்கள். 45 கிலோவுக்குச் சுமார் 1 சதவீதம்.

இறக்கத்தில் நியூட்ரல் போடுவது மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரோடு இறங்கி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் அறவே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால் ஐடிலிங்குக்கு எண்ணெய் வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் இந்த வசதி கிடையாது, ஆனால் அங்கேயும் இன்ஜின் பிரேக் இல்லாமல் லோடோடு இறங்குவது எண்ணெயைவிடப் பெரிய விஷயம். சாவியை அணைத்து இறங்குபவர்களுக்கு: பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் அதோடு போய்விடும்.

பிக்கப் முகம் அகலமாகவும் உயரமாகவும் இருப்பதால் வேகத்துக்கு மற்றக் கார்களைவிட அதிகமாகவே விலை கொடுக்கிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். வலது காலைக் கொஞ்சம் தளர்த்துவதற்கு ஈடாக எந்தப் பாகமும் கடையில் கிடையாது.

கடைசியில் செலவுக் கணக்கு. வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி 8-லிருந்து 8.5-க்கு ஏறினால் மிச்சம் சுமார் 88 லிட்டர். மாட்டப்போகும் சாமானின் விலையில் எத்தனை லிட்டர் வாங்கலாம் என்று பார்த்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளும் தெர்மோஸ்டாட்டும் இந்தக் கணக்கில் சுலபமாகத் தேறிவிடும். நான் ஆசைப்பட்டு விசாரித்துவிட்டு வந்த தொட்டி மூடி தேறவில்லை.