தராசு போடும் முன் இரண்டு நிமிடம்

குறுவை அறுவடை வந்துவிட்டால் நெல் கொள்முதல் நிலையத்தில் நின்று பேச நேரமிருக்காது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா, சிப்பம் (கட்டிய நெல் மூட்டை) 40 கிலோ சரியா, இதுதான் நாள் முழுக்கப் பேச்சு. மன்னார்குடிப் பக்கம் பட்டியல் எழுத்தராக இருந்தபோது நான் செய்து பார்த்தது இது: காலையில் தராசு போடும் முன் நிலையத்தில் வேலை செய்கிற எல்லோரையும் கூப்பிட்டு, அவர்களுக்குத் தெம்பு வர இரண்டே நிமிடம் பேசுவது.

"உழைத்தால் உயரலாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். மூட்டை தூக்குகிறவருக்கு அதில் தெம்பு வராது. நேற்று நடந்ததை, யார் செய்தார் என்பதோடு சொல்லுங்கள். "நேத்து மழை இருட்டினப்ப நம்ம கொரடாச்சேரி அண்ணன் சாப்பாட்டை அப்படியே வச்சுட்டு ஓடிப்போய் தார்ப்பாயை இழுத்தார். அத்தனை நெல்லும் நனையாம நிக்குது." அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அப்புறம் பேச்சை அவரிடமே விட்டுவிடுங்கள். "மழை வரும்னு எப்படிண்ணே தெரிஞ்சுது?" அவர் சொல்லச் சொல்ல, அதுவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கூட ஒரு கேள்வி கேட்பார். எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

தினமும் ஒருவரையே புகழ வேண்டாம். தூற்றும் இயந்திரத்தருகே தூசியில் நிற்பவர், இரவுக் காவலர் என எல்லோருக்கும் முறை வரட்டும். தவறு இருந்தால் அதைத் தனியாக, டீக்கடையில் சொல்லிக்கொள்ளலாம்.