சட்டம் படிக்கும்போதே சுற்றுச்சூழல் வழக்குகளில் உதவுவது எப்படி?

சுற்றுச்சூழல் வழக்குகளில் ஏதாவது செய்யணும், எங்கே தொடங்குவது என்று சட்டக் கல்லூரி ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பார் கவுன்சிலில் பதிவு செய்யும்வரை நீங்கள் வக்காலத்து போட முடியாது, அது தெரிந்ததுதான். ஆனால் இந்த வழக்குகளில் பெரும்பகுதி வேலை கோர்ட்டுக்கு வெளியேதான் நடக்கிறது, அதைச் செய்யத்தான் ஆள் இல்லை.

நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஒரு சீனியரோடு ஏரிக்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஆலைக் கழிவுநீர் ஏரியில் கலக்கிறது என்று புகார். ஊர்ப் பெரியவர் ஒருவர் மஞ்சப்பையைத் திண்ணையில் கவிழ்த்தார்: திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுக்கள், ஒப்புகைச் சீட்டுகள், தபால் ரசீதுகள், மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன போட்டோக்கள். அன்று மதியம் முழுக்க என் வேலை அவற்றைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்குவதுதான். அடுக்கி முடித்தபோதுதான், பிரச்சினை தொடங்கி ஐந்து மாதம் தாண்டிவிட்டது என்பது எங்களுக்கே தெரிந்தது.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும், அவ்வளவுதான். ஒரு திட்டத்துக்கு அரசு கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள், அதற்கு மேல் அதே 60 நாள். இழப்பீடு கேட்க மட்டும் 5 ஆண்டு இருக்கிறது. ஊர்க்காரர்கள் கலெக்டருக்கு மனு மேல் மனு கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார்கள், அதற்குள் கெடு போய்விடும். அதனால் யார் வந்து பேசினாலும் உங்கள் முதல் கேள்வி ‘இது எப்போது தொடங்கியது?’ என்பதாக இருக்கட்டும்.

அப்புறம், உங்கள் மாவட்டத்திலேயே ஒரு ஏரியையோ ஓர் ஆலையையோ எடுத்துக்கொண்டு அதன் காகிதங்களைத் தேடுங்கள். ஏரி என்றால் அ-பதிவேடும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்). அது நீர்நிலைப் புறம்போக்கா, எந்த சர்வே எண் வரை என்று தெரியாமல் ஆக்கிரமிப்பு பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. ஆலை என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணை (அனுமதி உத்தரவு), சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய திட்டமாக இருந்தால் அதன் நிபந்தனைகள், அவற்றைப் பின்பற்றுவது பற்றி நிறுவனம் கொடுக்கும் அரையாண்டு இணக்க அறிக்கை. கையில் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஆலை பற்றிய எல்லாத் தகவலும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ‘இந்த சர்வே எண்ணில் இயங்கும் ஆலைக்குக் கடைசியாகக் கொடுத்த இயக்க இசைவாணையின் நகல், கடந்த ஓராண்டில் எடுத்த கழிவுநீர் மாதிரிகளின் ஆய்வறிக்கைகள்’ என்று கேளுங்கள்.

இதெல்லாம் குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் 1996ஆம் ஆண்டு வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். தோல் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கு. ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கோட்பாட்டுக்காக வகுப்பில் அதைப் படிப்போம். எனக்குப் பிடித்த இடம் வேறு: திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கணக்கெடுத்து, 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்று சொன்னதை உச்ச நீதிமன்றம் தீர்ப்பிலேயே பதிவு செய்திருக்கிறது. யாரோ கிணறு கிணறாக நடந்து போய் எண்ணியிருக்கிறார்கள். அந்த வேலையை உங்களால் இன்றைக்கே செய்ய முடியும்.

இன்னொரு பெரிய தேவை மொழிபெயர்ப்பு. ஊர் மனுக்கள் தமிழில், தீர்ப்பாயத்தில் நடப்பதோ ஆங்கிலத்தில். திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வரும். அந்த நாட்களில் அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய பல நூறு பக்க ஆங்கில அறிக்கையைப் படித்து, அதில் நம்ம ஊர் ஓடை விடுபட்டிருக்கிறதா என்று ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பாருங்கள். கூட்டத்தில் பேச வேண்டியவர்கள் அவர்கள்தான், மைக்கை நீங்கள் வாங்காதீர்கள். உங்களுக்குச் சொல்ல இருந்தால் எழுத்தில் கொடுங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் சேப்பாக்கம் கலச மகாலில் இயங்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போய்ப் பின்வரிசையில் நாலு நாள் உட்கார்ந்து பாருங்கள். மற்ற ஊர்களில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டம் சார்ந்த தன்னார்வலராகச் சேரலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் போன்றோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, இது பலருக்குத் தெரியவே தெரியாது.

இலவசமாகச் செய்கிறோம் என்பதற்காக அலட்சியம் கூடாது. ஒரிஜினல் காகிதங்களை அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், அங்கேயே போனில் ஸ்கேன் எடுத்துவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுங்கள். ஜெயித்துவிடலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். செமஸ்டர் தேர்வு வந்தால் ஒரு மாதம் காணாமல் போவோம் இல்லையா, அதற்கு முன்பே அடுத்த விசாரணை எப்போது, வழக்குக் கட்டு யாரிடம் இருக்கிறது, எந்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி ஜூனியர் ஒருவரிடமும் ஊர்க்காரர் ஒருவரிடமும் கொடுத்துவிட்டுப் படிக்கப் போங்கள்.