பனிக்காட்டுக் கதைகளில் மனிதனும் நாயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் யூகான் பகுதியில் 1896 ஆகஸ்டில் பொன் கண்டெடுக்கப்பட்ட பின், அங்கே திரண்டவர்களையும் அவர்களுடைய சறுக்குவண்டி நாய்களையும் வைத்து ஏராளமான கதைகள் எழுதப்பட்டுள்ளன. அந்தக் களத்தில் இன்று எழுத முனைவோர் பலர், நாயின் அன்பைக் கதாநாயகனுக்கு உழைப்பின்றியே தந்துவிடுகிறார்கள். முதல் அத்தியாயத்தில் சந்தித்த நாய், இரண்டாம் அத்தியாயத்தில் அவனுக்காக உயிர்விடத் துணிகிறது. அந்த உறவு வளர்ந்த இடமோ அன்றாட வேலை. நாளெல்லாம் சுமை இழுத்த நாய்க்கு உலர்ந்த சால்மன் மீனைப் பங்கிட்டு, அதன் விரலிடுக்கில் உறைந்த பனிக்கட்டியை அகற்றி, புண்பட்ட பாதங்களுக்குத் தோலுறை கட்டிய பிறகே தன் பசியைக் கவனிப்பவனிடம்தான் நாய் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பராமரிப்பைக் காட்டாமல் விசுவாசத்தைப் பற்றி மட்டும் எழுதினால், வாசகர் மனத்தில் அது தங்காது.

இதைவிடப் பெரிய தவறு, நாய்க்கு மனித மனத்தைக் கொடுப்பது. விலங்குகளை மனிதரைப்போல் சிந்திக்கவைத்த எழுத்தாளர்களை இயற்கையியலாளர் ஜான் பரோஸ் 1903இலேயே கண்டித்தார். 1907இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூசவெல்ட்டும் அவர் பக்கம் நின்று அத்தகைய கதைகளை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனைக் குறைகூறினார். ஆனால், தீ மூட்ட முயன்று தோற்கும் ஒருவனைப் பற்றி லண்டன் 1908இல் வெளியிட்ட ‘To Build a Fire’ என்ற சிறுகதையில் வரும் நாய், புதிதாக எழுதுவோர் ஊன்றிப் படிக்கவேண்டிய நாய். அக்குளிரில் பயணம் ஆகாது என்பதை அதன் உடல் அறிந்திருக்கிறது. எனினும் அவனிடம் பாசமில்லாததால் அவனை எச்சரிக்க அது முனைவதில்லை. விறைத்த கைகளைச் சூடாக்கிக்கொள்ளத் தன்னைக் கொல்ல முயன்ற அவன் இறந்ததும், உணவும் நெருப்பும் தரக்கூடிய வேறு மனிதர்கள் இருக்கும் முகாமை நோக்கி அது ஓடிவிடுகிறது. அந்த விலகலில் உள்ள உண்மை, நாயின் மனத்துக்குள் புகுந்து எழுதப்படும் நீண்ட வசனங்களில் கிடைப்பதில்லை.

கண்ணீருக்காகவே இறுதியில் நாயைக் கொல்வதையும் கைவிடலாம்.

ஆளற்ற வனமாக அந்நிலத்தைக் காட்டுவது, அதிகம் கவனிக்கப்படாத தவறு. குளோண்டைக் ஆறு யூகான் ஆற்றில் கலக்குமிடம், அப்பகுதியின் பழங்குடியினரான ஹான் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சால்மன் பிடித்துவந்த இடம். பொன் தேடி வந்தவர்களின் பெருக்கத்தால் ஹான் மக்கள் யூகான் ஆற்றின் நீரோட்டத் திசையில் சுமார் 5 கிலோமீட்டர் தள்ளியிருந்த மூஸ்ஹைடு என்ற இடத்துக்கு இடம்பெயர நேர்ந்தது. மீனை உலர்த்திச் சேமிக்கவும் அக்குளிரில் உயிர்வாழவும் அவர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். கதாநாயகன் தன் நாய்க்கு இடும் மீன் யார் பிடித்து உலர்த்தியது என்பதற்கும் கதையில் இடமிருக்க வேண்டும்.