தாய்லாந்தில் குடும்பத்தோடு தெருக்கடைச் சாப்பாடு: யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர்களுக்கு

உறைப்பு எங்களுக்குப் புதிசோ என்ற நினைப்போடுதான் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பாங்கொக்கில் போய் இறங்கும். முதல் நாளே கண்ணால் தண்ணி வரும். எங்கள் கறித்தூளில் செத்தல் மிளகாய் வறுபட்டு, இடிபட்டு, பிறகு கறியோடு கொதித்து அடங்கித்தான் கோப்பைக்கு வருகிறது. அங்கே கொச்சி மிளகாய் போன்ற சின்ன மிளகாயைப் பல சாப்பாடுகளில் பச்சையாகவே நசுக்கிப் போடுவார்கள். அந்த உறைப்பு வேறு.

அதைக் கண்ணால் பார்க்க நல்ல இடம் பப்பாசிக்காய்ச் சம்பல் இடிக்கிற கடை. 'சொம் தம்' என்பார்கள். உரலில் முதலில் உள்ளியும் மிளகாயும் விழும். பிறகு கச்சான், காய்ந்த சின்ன இறால், பயிற்றங்காய், தக்காளி, பனங்கட்டி மாதிரி ஒரு சர்க்கரை, தேசிக்காய்ப் புளி, மீன் சாறு. கடைசியாகச் சீவின பப்பாசிக்காய். ஒரு கையால் உலக்கை, மறுகையால் கரண்டி. மிளகாய் உரலில் விழ முன்னமே சொல்ல வேண்டும்: ஒரு விரலைக் காட்டி 'பிரிக் மெட் டியாவ்', அதாவது ஒரே ஒரு மிளகாய். மிளகாயே போடாவிட்டாலும் கொஞ்சம் எரியும், ஏனென்றால் ஒருவருக்கு இடித்த உரலை அடுத்தவருக்குக் கழுவுவதில்லை. இதே காரணத்தால் சைவக்காரருக்கும் கச்சான் ஒவ்வாத பிள்ளைக்கும் அந்தக் கடை சரிவராது. பச்சை உப்பு நண்டும் 'பிளா ரா' என்கிற புளித்த மீனும் போடுகிற சொம் தம்மைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். வயிற்றைக் கலக்கும்.

சொல்லத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். 'மை பெட்' என்றால் உறைப்பு வேண்டாம். 'பெட் நிட் நொய்' என்றால் கொஞ்சம் உறைப்பு. 'மை' முன்னுக்கு வந்தால் இல்லை என்று பொருள். கடைசியில் இழுத்துப் போட்டால் அது கேள்வியாகிவிடும்: 'பெட் மை?' (உறைக்குமா?). 'மை சை' என்றால் போடாதீர்கள். கோழிக்கும் முட்டைக்கும் அவர்கள் சொல்கிற சொல் எங்கள் காதில் இரண்டும் 'கை' என்றுதான் விழும், தமிழ் எழுத்தில் அந்த வித்தியாசம் இல்லை. படத்தையோ பொருளையோ தொட்டுக் காட்டுங்கள். 'மூ' பண்டி இறைச்சி, 'நூஆ' மாட்டிறைச்சி, 'பிளா' மீன். எங்களுக்குப் பிளா என்றால் கூழ் குடிக்கிற ஓலை, அங்கே கூழுக்குள் போடுகிற மீன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். 'மங்ஸவிரட்' என்ற சொல்லைக் கேட்டால் மாமிசமும் விரதமும் காதில் விழும், மூலமும் சமஸ்கிருதம்தான். ஆனால் அதைச் சொன்னால் இறைச்சியை மட்டும் விட்டுவிட்டு மீன் சாற்றை ஊற்றிவிடுவார்கள். பலருக்கு அது உப்பு மாதிரி, மச்சமாகவே கணக்கில் வராது. மரக்கறி மட்டும் போட்ட பச்சை நிறத் தேங்காய்ப்பால் கறியிலும் ('கிரீன் கறி') அரைத்த கூட்டுக்குள் இறால் விழுது இருக்கும், அதைப் பிறகு எடுக்க வழியில்லை. ஆகவே 'மை சை நம் பிளா' (மீன் சாறு போடாதீர்கள்) என்று சேர்த்துச் சொல்லுங்கள், தேங்காய்ப்பால் கறிகளை விட்டு வதக்கின மரக்கறியும் சோறும் கேளுங்கள். அதைவிட நல்லது மஞ்சள் கொடியில் சிவப்பாக, 17 என்ற இலக்கம் போலத் தெரிகிற எழுத்தைத் தேடுவது. அது 'ஜே' சாப்பாடு. மச்சம், முட்டை, பால் மட்டுமில்லை, உள்ளி, வெங்காயமும் இல்லை. விரதகாரருக்குக் கச்சிதம். முஸ்லிம் குடும்பங்கள் ஹலால் முத்திரை உள்ள கடைகளைத் தென் மாகாணங்களில் இலகுவாகக் காணலாம்.

கச்சான், இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் வாயால் சொல்லி நம்பக் கூடாது. புறப்பட முன்னமே தாய் எழுத்தில் எழுதுவித்துப் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு: 'காவ் மன் கை', கோழி அவித்த நீரில் வேகவைத்த சோறும் கோழியும். கூடவே வருகிற சோஸில் மிளகாய் இருக்கும், தள்ளி வையுங்கள். 'பட் சீ இயூ', சோயா சோஸில் பிரட்டின அகலமான அரிசி நூடில்ஸ். முட்டைப் பொரியலும் சோறும் எங்கும் கிடைக்கும். 'டொம் கா' என்கிற சூப் தேங்காய்ப்பாலில் வருவதால் சொதி பழகின வாய்க்கு அந்நியமில்லை. அதில் மிதக்கிற பேரரத்தைத் துண்டும் எலுமிச்சம்புல் தண்டும் சாப்பிடுகிறதற்கில்லை, ரம்பையை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்குங்கள். காலைக் கஞ்சி 'ஜொக்' வயிற்றுக்கு இதம், ஆனால் பெரும்பாலும் பண்டி இறைச்சி உருண்டையோடு வரும். 'படகு நூடில்ஸ்' என்கிற நூடில்ஸ் சூப்பின் சாற்றில் இரத்தம் கலப்பார்கள். நூடில்ஸ் மேசையில் நாலு கிண்ணம் இருக்கும்: சீனி, மீன் சாறு, செத்தல் தூள், மிளகாய் ஊறின வினாகிரி. பிள்ளை கை நீட்ட முன்னம் அவற்றைத் தூரத் தள்ளுங்கள். வாய் எரிந்தால் தண்ணீர் உதவாது. பால், தேங்காய்ப்பால், வெறும் சோறு, வெள்ளரிக்காய்.

ஆறு பேர் என்றால் நடுவில் நாலு கறி வைத்து ஆளுக்கொரு கோப்பைச் சோறு எடுத்தால் போதும். ஆளுக்கொரு கறி சொன்னால் மிஞ்சும். கரண்டி வலது கையில், முள்ளுக்கரண்டி இடது கையில் தள்ளிவிட மட்டும். ஒட்டுச்சோற்றைக் கையாலேயே உருட்டிச் சாப்பிடலாம். அது வருகிற கூடையின் மூடியைத் திறந்தபடி விட்டால் காய்ந்து இறுகிவிடும்.

முதல் நாள் மோல்களில் உள்ள ஃபூட் கோர்ட்டில் தொடங்குவது புத்தி. பல இடங்களில் அட்டை ஒன்றில் காசு ஏற்றிக் கொடுப்பார்கள், மிச்சத்தை அன்றைக்கே அதே கவுண்டரில் திருப்பி வாங்குங்கள். தெருவில் சனம் வரிசையில் நிற்கிற, கண் முன்னே சூடாகச் சமைக்கிற கடை. குழாய்த் தண்ணீர் வேண்டாம். நடுவில் துளை உள்ள ஐஸ் தொழிற்சாலையில் இருந்து வருவது, அது பரவாயில்லை. வயிற்றோட்டம் வந்தால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூள் இரண்டு பைக்கற் பையில் இருக்கட்டும். டூரியன் பழத்தை வெளியிலேயே முடித்துவிட்டு வாருங்கள், ஹோட்டல்கள் பலவற்றில் தடை.

சந்தையில் 'கனொம் தான்' என்று கேட்டுப் பாருங்கள். தாய் மொழியில் 'தான்' பனை. சீனிக்கு அவர்கள் வைத்த பெயரே பனஞ்சாறு என்றுதான் பொருள்படும். பனங்களியும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்து அவித்த மஞ்சள் பணியாரம், மேலே தேங்காய்ப்பூ. வாங்கின அன்றைக்கே சாப்பிடுங்கள், அந்தச் சூட்டில் தேங்காய்ப்பூ பின்னேரத்துக்குள் புளித்துவிடும்.