லினக்ஸ் தகராறு செய்யும்போது கை வைக்கக் கூடாத இடங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் புகைப்படங்களைச் சேமிக்க முயன்றேன். அனுமதி இல்லை என்றது என் கணினியில் இருந்த உபுண்டு என்ற லினக்ஸ். இணையத்தில் தேடினால், கோப்பு அனுமதிகளை மாற்றும் ‘சிஹெச்மாட் 777’ கட்டளையைப் போடுங்கள், சரியாகிவிடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புறைகளுக்கும் சேர்த்து, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவையும் முன்னால் வைத்துப் போட்டேன். முகவரியை அடிக்கும்போது முதல் சாய்கோட்டுக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்திருந்ததை நான் பார்க்கவில்லை. லினக்ஸில் தனிச் சாய்கோடு என்றால் கணினி முழுவதும் என்று பொருள்.

கட்டளை ஓடி முடிந்தது. அடுத்த முறை சூடோ என்று அடித்தபோது, தனக்கு இருக்க வேண்டிய சிறப்பு அனுமதி இல்லை என்று சொல்லி அது வேலை செய்ய மறுத்தது. தவறைத் திருத்த வேண்டுமென்றால் சூடோ வேண்டும். சூடோவையே நான் கெடுத்துவைத்திருந்தேன். வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான். உண்மையில் அந்த டிஸ்க்கின் உரிமையாளராக வேறொரு பயனர் பதிவாகியிருந்தார். அந்த ஒரு கோப்புறையின் உரிமையை என் பெயருக்கு மாற்றியிருந்தால் ஐந்து விநாடியில் முடிந்திருக்கும்.

777 என்பது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதி. எந்தக் கோளாறுக்கும் அதை மருந்தாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். அதன் பிறகு நண்பர்கள் வீட்டில் நான் பார்த்த லினக்ஸ் கணினிகளிலும் பாதிக்கு மேல் இதே கதைதான்: முதலில் வந்த கோளாறு சின்னது, அதற்குச் செய்த வைத்தியம்தான் கணினியைப் படுக்க வைத்தது.

பிழைச்செய்தியைப் படிக்காமல் மூடுவது

தொலைபேசியில் அழைப்பவர்களிடம் “திரையில் என்ன வந்தது?” என்று கேட்டால், “ஏதோ ஆங்கிலத்தில் வந்தது, மூடிவிட்டேன்” என்பதுதான் வழக்கமான பதில். செல்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். மூடிவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. இன்றைய லினக்ஸ் அமைப்புகளில் பெரும்பாலானவை நடந்ததையெல்லாம் பதிவு செய்து வைக்கின்றன. ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளைக்குப் பின் ‘--பூட்=-1’ என்று சேர்த்தால், இப்போதைய ஓட்டத்தை விட்டுவிட்டு இதற்கு முந்தைய ஓட்டத்தில் என்ன நடந்தது என்று காட்டும். திரை உறைந்து, பொத்தானை அழுத்தி அணைத்து மறுபடி போட்டவர்களுக்கு இதுதான் முதல் சாட்சி.

படிப்பவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள்: கடைசி வரியை மட்டும் படிக்கிறார்கள். மென்பொருள் நிறுவும்போது சிக்கல் வந்தால், ‘டிபிகேஜி ஒரு பிழை எண்ணைத் திருப்பியது, (1)’ என்ற பொருளில் ஒரு வரியோடு, மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் முடித்துக்கொள்ளும் (டிபிகேஜி அதற்கு உள்ளே வேலை செய்யும் கருவி). அந்த வரியைத் தேடுபொறியில் போட்டால் ஆயிரம் தீர்வுகள் வரும், எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. காரணம், எது உடைந்தாலும் கடைசியில் அதே வரிதான் வரும். உண்மையான காரணம் பத்து, இருபது வரிகள் மேலே, எந்தத் தொகுப்பை, அதாவது எந்த மென்பொருள் பொதியை, அமைக்கும்போது தடுமாறியது என்ற இடத்தில் இருக்கும். கீழிருந்து மேலே போய், முதன்முதலில் பிழை என்று எங்கே சொல்கிறதோ அதைத் தேடுங்கள்.

பூட்டை உடைப்பது

கணினியைப் போட்டவுடன் ஏதாவது நிறுவப் போனால், ‘பூட்டைப் பெற முடியவில்லை’ என்று சில சமயம் வரும். உபுண்டுவில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பின்னணியில் தானாக ஓடுகின்றன. தொகுப்புகளின் பட்டியலை ஒரே நேரத்தில் இருவர் எழுதக் கூடாது என்பதற்காக முதலில் வந்தவர் பூட்டிக்கொள்கிறார். அவ்வளவுதான் விஷயம். ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் பூட்டு திறந்திருக்கும். ஆனால் பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், நாமும் அழித்துவிடுகிறோம். உள்ளே ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவரையும் உள்ளே விட்டால் பட்டியல் குழம்பும். ஏற்கெனவே பாதியில் நின்றுபோயிருந்தால், ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ என்ற கட்டளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அமைத்துக் கொடுக்கும்.

கேட்கும்போதெல்லாம் ‘ஒய்’ (ஆம்) அழுத்துவது இதைவிட ஆபத்து. 2021 நவம்பரில் வெளியான ஒரு காணொளியில், யூடியூபில் பெயர்பெற்ற லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். அந்தச் சமயத்தில் தொகுப்பில் ஒரு பிழை இருந்தது. அவசியமான தொகுப்புகளை நீக்கப் போகிறேன், இது ஆபத்து என்று ஆப்ட் சொன்னது. வெறும் ‘ஒய்’ போதாது என்று, ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ என்ற முழு வாக்கியத்தையும் அடிக்கச் சொன்னது. அவர் அடித்தார். மொத்த டெஸ்க்டாப்பும் போய்விட்டது. பிழை அவருடையது அல்ல, ஆனால் நடக்கப் போவதெல்லாம் திரையில் இருந்தது. நிறுவும்போது ‘நீக்கப்படும் தொகுப்புகள்’ என்ற தலைப்பு கண்ணில் பட்டால் அங்கேயே நின்று பட்டியலைப் படியுங்கள். ஒரு பாட்டுக் கேட்கும் மென்பொருளுக்காக நாற்பது தொகுப்புகள் நீங்குகின்றன என்றால் பதில் ‘என்’ (இல்லை).

பைத்தான் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் இந்தக் குழியில் வேறு பக்கமாக விழுகிறார்கள். பழைய பைத்தானை நீக்கிவிட்டுப் புதியதைப் போடலாம் என்று நினைக்கிறார்கள். உபுண்டுவிலும் அதன் மேல் கட்டப்பட்ட மின்ட்டிலும் புதுப்பிப்பு மேலாளர் உட்படப் பல கருவிகள் கணினியோடு வந்த பைத்தானை நம்பித்தான் இருக்கின்றன. புதிய பதிப்பைப் பக்கத்தில் நிறுவிக்கொள்ளுங்கள், இருப்பதைத் தொடாதீர்கள்.

இணையத்து ஆலோசனைகளில் முதலில் பார்க்க வேண்டியது தேதி. வரைகலை மென்பொருளைச் சூடோ அதிகாரத்தோடு இயக்கிய ‘ஜிகேசூடோ’ என்ற கருவி உபுண்டு 18.04இலேயே இல்லாமல் போய்விட்டது. அதைப் பயன்படுத்தச் சொல்லும் பக்கங்கள் இன்னும் தேடலில் வருகின்றன. அடுத்தது, அந்த ஆலோசனை எந்த லினக்ஸுக்கு என்பது. மின்ட் 22, உபுண்டு 24.04இன் மேல் கட்டப்பட்டது. மின்ட் 21, 22.04இன் மேல். தொகுப்புகளைப் பதிவிறக்கும் இடமான தொகுப்பு மூலம் உபுண்டுவுக்கானதாக இருந்து, அதை டெபியன் என்ற வேறொரு லினக்ஸில் சேர்த்தால் முதல் நாள் ஓடும், ஆறு மாதம் கழித்துப் புதுப்பிக்கும்போது பழிவாங்கும்.

கடவுச்சொல் சரி, ஆனால் உள்ளே விடவில்லை

இது பலரையும் மிரள வைக்கும் கோளாறு. கடவுச்சொல்லை அடிக்கிறீர்கள், திரை ஒரு கணம் கறுக்கிறது, மறுபடி கடவுச்சொல் கேட்கும் பக்கமே வருகிறது. தவறான கடவுச்சொல் என்றும் சொல்வதில்லை. வைரஸ் என்று பயந்து, மொத்தத்தையும் அழித்து மறுபடி நிறுவியவர்களை நான் அறிவேன்.

கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3 அழுத்துங்கள். கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்கும். அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். அடிக்கும்போது நட்சத்திரக் குறிகூடத் தெரியாது, பயப்பட வேண்டாம். உள்ளே போனதும் ‘டிஎஃப் -ஹெச்’ அடித்தால் டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும். அங்கே 100% என்று இருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். டெஸ்க்டாப் தொடங்கும்போது சில சிறு கோப்புகளை எழுத வேண்டும். எழுத இடமில்லை என்றால் திரும்பி வந்துவிடுகிறது. பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கும் பெரிய படம் ஒன்றை அழித்தாலே கதவு திறக்கும்.

இடம் இருக்கிறதா? அப்படியானால் உங்கள் வீட்டுக் கோப்புறையில் (ஹோம்) ‘எக்ஸ்அதாரிட்டி’ என்ற மறைந்த கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வரைகலை மென்பொருளைச் சூடோ போட்டு இயக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் அது சில நேரம் ரூட் என்ற நிர்வாகியின் பெயருக்கு மாறிக் கிடக்கும். அதை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் பகுதி நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால், உள்ளே புகுந்து, லினக்ஸின் மையமான கெர்னலின் பழைய கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ அந்த வேலையைக் கணக்கோடு செய்யும். கையால் அழித்தால் ஆப்ட் தன் பட்டியலில் அந்தக் கெர்னல் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும்.

மின்வெட்டுக்குப் பின்

யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், மின்சாரம் போய் வந்ததும் கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல் அடைப்புக்குறிக்குள் வந்து, கர்சர் துடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கலாம். டிஸ்க் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அங்கே ‘எக்ஸிட்’ என்று அடித்தால், எந்தப் பகுதியைக் கையால் சரிபார்க்க வேண்டும் என்று பெரும்பாலும் அதுவே சொல்லும். ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையோடு அந்தப் பகுதியின் பெயரைச் சேர்த்து ஓட்டி, ‘ரீபூட்’ கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். செய்யக் கூடாதது ஒன்று உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின் பகுதி மீது இதே கட்டளையை ஓட்டுவது. அது சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்தைக் கழற்றிப் பழுது பார்ப்பது. மின்வெட்டே இல்லாமல் இந்தத் திரை மாதம் இருமுறை வருகிறது என்றால் டிஸ்க்கே சாகத் தொடங்கியிருக்கலாம். அப்போது முதல் வேலை பழுதுபார்ப்பு அல்ல, கோப்புகளை வேறிடத்தில் நகலெடுப்பது.

திரை உறைந்ததும் பவர் பொத்தானை நான்கு விநாடி அழுத்திப் பிடிப்பதும் மின்வெட்டுதான், நாமே செய்கிற மின்வெட்டு. முன்பு சொன்ன எஃப்3 திரைக்குப் போய்ப் பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால், ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி (S, U, B) என்று ஒவ்வொன்றாக, சற்று இடைவெளி விட்டு அழுத்துங்கள். முதலாவது எழுத வேண்டியதை டிஸ்க்கில் எழுதும், இரண்டாவது டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்றும், மூன்றாவது மறுதொடக்கம் செய்யும்.

என்விடியா அட்டை வைத்திருப்பவர்கள் நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரைப் பதிவிறக்கி நிறுவுவது விண்டோஸ் பழக்கம். லினக்ஸில் அப்படிப் போட்டால், அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் கறுப்புத் திரை வர வாய்ப்பு அதிகம். மின்ட்டின் டிரைவர் மேலாளர் பரிந்துரைப்பதையே போடுங்கள். கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அதன் பிறகு முதல் மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வரும். நீங்கள் நிறுவும்போது கொடுத்த கடவுச்சொல்லைக் கேட்கும். விண்டோஸின் நீலத் திரை நினைவில் பயந்து பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு டிரைவர் ஏறவில்லை என்று மூன்று நாள் தேடுகிறார்கள்.

விண்டோஸுடன் குடித்தனம்

ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருப்பவர்கள், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருப்பதைப் பார்த்து, தாய்ப்பலகை பேட்டரி தீர்ந்துவிட்டது என்று மாற்றுகிறார்கள். ஐந்தரை என்ற எண்ணே விடையைச் சொல்கிறது. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஐந்தரை. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு எட்டு. ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று லினக்ஸில் ஒரு முறை கொடுத்தால் சண்டை தீரும்.

விண்டோஸின் டிரைவில் லினக்ஸ் எழுத மறுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். விண்டோஸ் முழுதாக அணையாமல், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியால் அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அதை விண்டோஸில் நிறுத்துங்கள். லினக்ஸிலிருந்து வலுக்கட்டாயமாகத் திறந்தால் கோப்புகள் சேதமாகலாம்.

தமிழ்க் கோப்புகளுக்கும் ஒரு வார்த்தை. எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை. லோஹித் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தால் அது பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்தது. லிப்ரே ஆபிஸைப் பத்துமுறை மறுநிறுவல் செய்தாலும் மாறாது, ஒருங்குறிக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

எதையும் அழித்து நிறுவும் முன், நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவிலிருந்தே ஒரு முறை கணினியைத் தொடங்கிப் பாருங்கள். வைஃபையோ ஒலியோ அங்கே வேலை செய்தால் வன்பொருள் நலம், கோளாறு உங்கள் அமைப்பில்தான். கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். இயல்பாக அது வீட்டுக் கோப்புறையைச் சேமிப்பதில்லை.

போன மாதம் ஒரு நண்பர் கணினியில் ஒலி வரவில்லை என்று இரண்டு முறை மின்ட்டை மறுநிறுவல் செய்துவிட்டு என்னை அழைத்தார். ஒலி அமைப்புகளைத் திறந்தேன். ஒலி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஹெச்டிஎம்ஐ வழியாக, ஸ்பீக்கரே இல்லாத அவருடைய மானிட்டருக்கு.