குனுகேஷில் பங்கு விலையைத் தானாக வரவழைப்பது எப்படி?

வரவுசெலவுக் கணக்கு எழுத உதவும் கட்டற்ற மென்பொருளான குனுகேஷில் உங்கள் டிமேட் கணக்கை ஏற்றிவிட்டீர்கள். பத்து இன்ஃபோசிஸ், இருபது சிட்டி யூனியன் பேங்க், மாதாமாதம் ஒரு எஸ்ஐபி என வாங்கியதெல்லாம் பதிவாகிவிட்டது. ஆனால் மொத்த மதிப்பு மட்டும் கடைசியாக வாங்கிய நாளின் விலையிலேயே நிற்கிறது. நீங்கள் வாங்கல் பதிவு போடும்போது அந்த விலையைக் குனுகேஷ் தன் விலைப் பட்டியலில் குறித்து வைத்துக்கொள்ளும். அதன்பிறகு புது விலை எதுவும் வராவிட்டால் அதையேதான் பெருக்கிக் காட்டும்.

குனுகேஷ் நேரடியாக எந்தச் சந்தையோடும் பேசாது. அதற்காக வெளியே போய் விலை கேட்டு வருவது ஃபைனான்ஸ் கோட் என்ற தனி நிரல். பெர்ல் மொழியில் எழுதப்பட்டது, இதுவும் கட்டற்ற மென்பொருள்தான். விலை வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் குனுகேஷில் இருக்காது. நடுவில் இருக்கும் ஃபைனான்ஸ் கோட்டிலோ, அது போய்க் கேட்கும் தளத்திலோ இருக்கும். அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.

விலை வராமல் போவதுகூடப் பெரிய தொல்லை இல்லை, பிழைச் செய்தி வந்துவிடும். தப்பான விலை சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்வதுதான் ஆபத்து. அதனால் கீழே நிறுவுவதைவிடச் சரிபார்ப்பதைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறேன். குறியீடுகளையும் மெனுப் பெயர்களையும் உச்சரிப்பு வழியில் தமிழில் தந்திருக்கிறேன். குறியீடுகளைத் தட்டும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: ஃபைனான்ஸ் கோட்டை நிறுவுதல்

விண்டோஸில் குனுகேஷை நிறுவியதும் ஸ்டார்ட் மெனுவில் குனுகேஷ் தலைப்பின் கீழே 'இன்ஸ்டால் ஆன்லைன் பிரைஸ் ரிட்ரீவல்' என்று ஒன்று இருக்கும். அதை ஓட்டுங்கள். பெர்ல் இல்லையென்றால் அதையும் சேர்த்து இறக்கும். கறுப்புத் திரையில் எழுத்துகள் நீண்ட நேரம் ஓடும், பொறுமையாக விட்டுவிடுங்கள். மேக்கில் குனுகேஷோடு சேர்ந்து வரும் 'அப்டேட் ஃபைனான்ஸ் கோட்' செயலியை ஓட்டினால் போதும்.

லினக்ஸில் இரண்டு வழி உண்டு. டெபியன், உபுண்டு களஞ்சியத்தில் ஃபைனான்ஸ் கோட் தனிப் பொதியாகக் கிடைக்கும், ஆனால் அது பழைய பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். என் பரிந்துரை குனுகேஷின் ஃபிளாட்பேக், அதாவது தேவையானதையெல்லாம் தன்னுள்ளேயே கொண்டு வரும் பொதி. அதில் ஃபைனான்ஸ் கோட்டும் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

பதிப்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? இந்த நிரல் நம்பியிருக்கும் தளங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாறும். யாகூ ஃபைனான்ஸ் பல ஆண்டுகளாகத் தந்துவந்த இலவச விலைச் சேவையை 2017 நவம்பரில் நிறுத்தியது. ஃபைனான்ஸ் கோட் யாகூவின் வேறு முகவரிக்கு மாறிய பிறகு 2023-ல் யாகூ குக்கீ சரிபார்ப்பைக் கொண்டுவந்தது, பழைய பதிப்புகள் எல்லாம் 401 (அனுமதி இல்லை) பிழையில் நின்றன. ஒவ்வொரு முறையும் ஃபைனான்ஸ் கோட் குழுவினர் புதுப் பதிப்பு விட்டுச் சரிசெய்தார்கள். அதனால் விலை திடீரென்று நின்றுபோனால் முதல் மருந்து அப்டேட். எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதை ஹெல்ப் மெனுவில் அபௌட் பெட்டியைத் திறந்து பார்க்கலாம்.

படி 2: பங்கை அறிமுகப்படுத்துதல்

டூல்ஸ் மெனுவில் செக்யூரிட்டி எடிட்டரைத் திறந்து 'ஆட்' கொடுங்கள். முழுப் பெயர் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், உங்களுக்குப் புரிந்தால் சரி. டைப் என்ற இடத்தில் தயாராக இருக்கும் பட்டியல் அமெரிக்கச் சந்தைகளை மனத்தில் வைத்துப் போட்டது. அதை விட்டுவிட்டு, தேசியப் பங்குச் சந்தையைக் குறிக்க 'என்எஸ்இ' என்று நீங்களே தட்டலாம், ஏற்றுக்கொள்ளும். ஃபிராக்ஷன் என்பது எவ்வளவு சிறிய பகுதி வரை எண்ணிக்கை வைப்பது என்பது; பங்குக்கு ஒன்றில் ஒன்று போதும், அரைப் பங்கு யாரும் வைத்திருப்பதில்லை.

முக்கியமானது சிம்பல் கட்டம். விலையை யாகூவிடம் கேட்கப் போகிறோம் என்றால் யாகூவின் பாஷையில் எழுத வேண்டும்: என்எஸ்இ குறியீட்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி, அப்புறம் என்எஸ் என்ற இரண்டு எழுத்து. மும்பைப் பங்குச் சந்தை (பிஎஸ்இ) என்றால் புள்ளிக்குப் பின் பிஓ. அப்படிப் பார்த்தால் சிட்டி யூனியன் பேங்குக்கு சியூபி.என்எஸ், டிவிஎஸ் மோட்டாருக்கு டிவிஎஸ்மோட்டார்.என்எஸ். மஹிந்திராவின் எம்&எம் குறியீட்டில் உள்ள & அடையாளமும், பஜாஜ் ஆட்டோவின் நடுவில் உள்ள சிறு கோடும் அப்படியே இருக்க வேண்டும்.

புள்ளி-என்எஸ் போட மறந்தால் பெரும்பாலும் 'கிடைக்கவில்லை' என்று வரும், தப்பித்தீர்கள். இன்ஃபோசிஸில் அப்படி இல்லை. ஐஎன்எஃப்ஒய் என்ற அதே குறியீட்டில்தான் நியூயார்க் பங்குச் சந்தையிலும் அதன் டெபாசிட்டரி ரசீது (பங்குக்குப் பதிலாக அங்கே கைமாறும் சான்று) வியாபாரமாகிறது. பின்னொட்டு இல்லாமல் கேட்டால் யாகூ சந்தோஷமாக டாலர் விலையைத் தந்துவிடும், குனுகேஷும் அதை டாலராகவே எழுதிக்கொள்ளும். டாலருக்கு ரூபாய் மாற்று விலை உங்கள் கோப்பில் இருந்தால் ஏதோ ஒரு தொகை வந்து நிற்கும், உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது போலவும் தெரியும். தப்பு கண்ணில் படவே படாது. எனவே ஒவ்வொரு சிம்பலுக்கும் வந்த முதல் விலையின் நாணயம் ஐஎன்ஆர்தானா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி 'கெட் ஆன்லைன் கோட்ஸ்' பெட்டியில் டிக் போட்டு, சிங்கிள் என்ற வகையில் 'யாகூ ஆஸ் ஜேசன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பெட்டி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தால் முதல் படி முடியவில்லை என்று அர்த்தம். மல்டிபிள் என்ற வகையும் உண்டு, அது ஒன்று கைவிட்டால் இன்னொரு மூலத்திடம் கேட்கும். கேட்க நன்றாக இருக்கிறது, நான் பயன்படுத்துவதில்லை. இன்று யார் சொன்ன விலை என்று தெரியாமல் போய்விடும். ஒரு பங்குக்கு ஒரே மூலம் என்று வைத்துக்கொள்வது நல்லது. என்எஸ்இ, பிஎஸ்இ முடிவு விலைகளுக்கு நடுவிலேயே சில காசுகள் வித்தியாசம் இருக்கும், இரண்டையும் கலந்தால் வரைபடம் காரணமில்லாமல் நடுங்கும்.

புதிய ஃபைனான்ஸ் கோட்டில் என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டுக்கும் நேரடி மூலங்களும் உண்டு. உங்கள் குனுகேஷுக்கு அந்தப் பெயர்கள் பழக்கமில்லை என்றால் அவற்றை அன்னோன் என்ற மூன்றாவது வகையில் போட்டு வைத்திருக்கும். அந்த என்எஸ்இ மூலத்துக்குப் போனால் புள்ளி-என்எஸ் பின்னொட்டு வேண்டாம்.

படி 3: மியூச்சுவல் ஃபண்ட்

இதில் நமக்கு அதிர்ஷ்டம். மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி, எல்லாத் திட்டங்களின் என்ஏவி-யையும் (ஒரு யூனிட்டின் மதிப்பு) ஒரே உரைக் கோப்பாகத் தினமும் தன் தளத்தில் வைக்கிறது. அரைப்புள்ளியால் பிரித்த எளிய வரிகள்: திட்டக் குறியீட்டு எண், ஐசின் (ஒவ்வொரு முதலீட்டுக்கும் உரிய தனி அடையாள எண்), பெயர், என்ஏவி, தேதி. பங்குகளுக்கும் இப்படி ஒன்று இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியிருக்காது.

அந்தக் கோப்பில் உங்கள் திட்டத்தைத் தேடி அதன் எண்ணை சிம்பல் கட்டத்தில் போடுங்கள். மூலமாகச் சிங்கிள் வகையில் ஆம்ஃபியைத் தேர்ந்தெடுங்கள். பெயரைப் படிக்கும்போது மட்டும் கடைசி வார்த்தை வரை படியுங்கள். ஒரே திட்டத்துக்கு டைரக்ட், ரெகுலர், அதிலும் குரோத், ஐடிசிடபிள்யூ (டிவிடெண்ட் தரும் வகை) என்று தனித்தனி எண்கள் இருக்கும். டைரக்ட் வைத்திருப்பவர் ரெகுலர் எண்ணைப் போட்டால் மதிப்பு எப்போதும் கொஞ்சம் குறைவாகவே காட்டும், வித்தியாசம் சின்னது என்பதால் சந்தேகமே வராது. கணக்கு அறிக்கையில் உள்ள ஐசினோடு ஒப்பிட்டால் தீர்ந்தது. யூனிட்டுகள் தசமத்தில் வருவதால் ஃபிராக்ஷனை ஆயிரத்தில் ஒன்று என்று வையுங்கள்.

படி 4: விலையை வாங்குதல், சரிபார்த்தல்

டூல்ஸ் மெனுவில் பிரைஸ் டேட்டாபேஸ் போய் 'கெட் கோட்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். சில பங்குகளுக்குக் கிடைக்கவில்லை என்றால் அவற்றின் பட்டியலைக் காட்டி, கிடைத்ததை மட்டும் சேர்க்கட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிடலாம்.

கிடைக்காதவை ஏன் கிடைக்கவில்லை என்று பாருங்கள். பெரும்பாலும் பெயர் மாறியிருக்கும் அல்லது பங்கே போயிருக்கும். ஜொமாட்டோ 2025 ஏப்ரலில் எடர்னல் ஆனபோது குறியீடும் மாறியது. எச்டிஎஃப்சி 2023 ஜூலையில் எச்டிஎஃப்சி பேங்கோடு இணைந்தது, 25 பங்குக்கு 42 வங்கிப் பங்குகள் கிடைத்தன. பழைய குறியீட்டுக்கு இனி யாரும் விலை சொல்ல மாட்டார்கள். முதல் வகைக்கு செக்யூரிட்டியைத் திருத்தி சிம்பலை மாற்றினால் போதும், பழைய பதிவுகள் கூடவே வரும். இரண்டாவது வகைக்கு 'கெட் ஆன்லைன் கோட்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

வந்த விலைகளில் இரண்டு நெடுவரிசையைப் பாருங்கள். நாணயத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அடுத்தது தேதி. விலையோடு சேர்ந்து வரும் தேதிதான் பதிவாகும், நீங்கள் பொத்தான் அழுத்திய தேதி அல்ல. ஞாயிற்றுக்கிழமை அழுத்தினால் வெள்ளிக்கிழமை விலை வருவது சரியே. புதன்கிழமை அழுத்தி மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி வந்தால் அந்தப் பங்கு அதிகம் கைமாறாத ஒன்று, அல்லது குறியீடு செத்துவிட்டது. தங்கப் பத்திரம் வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள். சந்தையில் அவை கைமாறுவது குறைவு, பல நாள் பழைய விலையே நிற்கும்.

எப்போது அழுத்துவது? சந்தை 9:15 முதல் 3:30 வரை. நடுவில் அழுத்தினால் அந்த நிமிட விலைதான் அன்றைய விலையாகப் பதியும். குளோசிங் விலை என்று இந்தியச் சந்தைகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது கடைசி வியாபாரத்தின் விலைகூட அல்ல, கடைசி அரை மணி நேர விலைகளின், வியாபார அளவால் எடையிட்ட சராசரி. என்ஏவி இரவில்தான் வரும். மறுநாள் காலை சந்தை திறப்பதற்கு முன் அழுத்தினால் இரண்டும் முடிந்துபோன விலையாகக் கிடைக்கும்.

டாலர் கணக்கும் வைத்திருந்தால் மாற்று விலைக்கு ஆல்ஃபா வான்டேஜ் தளத்தில் ஓர் இலவசச் சாவி வாங்கி, பிரிஃபரன்சஸில் ஆன்லைன் கோட்ஸ் பக்கத்தில் ஒட்டுங்கள். இலவசத்தில் நாளைக்கு 25 கேள்விகள்தான், நாணயத்துக்கு அது தாராளம். ரூபாய் மட்டும் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

படி 5: யாகூ படுத்துவிட்டால்

என்எஸ்இ ஒவ்வொரு வியாபார நாளின் முடிவிலும் பாவ்காபி என்ற கோப்பை வெளியிடுகிறது. அன்று வியாபாரமான எல்லாவற்றின் விலையும் அதில் இருக்கும், இதைவிட நம்பகமான மூலம் கிடையாது. சந்தையே சொல்லும் கணக்கு அது. 2024 ஜூலையில் அதன் வடிவம் மாறியதால் இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் சொல்லும் நெடுவரிசைப் பெயர்கள் பொருந்தாது.

லிப்ரே ஆபிஸ் கால்கில் கோப்பைத் திறந்து, சீரீஸைக் குறிக்கும் நெடுவரிசையில் ஈக்யூ (சாதாரணப் பங்கு) உள்ள வரிகளில் உங்கள் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். குனுகேஷில் சிம்பல் புள்ளி-என்எஸ் சேர்த்து இருக்கிறது, கோப்பில் அது இருக்காது. பக்கத்து நெடுவரிசையில் ஒரு சூத்திரம் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். சிஎஸ்வி-யாகச் சேமித்து, ஃபைல் மெனுவில் இம்போர்ட், அதில் விலைகளுக்கான சிஎஸ்வி இறக்குமதியைத் திறந்தால் எந்த நெடுவரிசை தேதி, எது தொகை, எது சிம்பல் என்று கேட்கும். நேம்ஸ்பேஸ் கேட்டால் நீங்கள் இரண்டாம் படியில் டைப் என்று கொடுத்த அதே 'என்எஸ்இ'. அமைப்பைப் பெயரிட்டுச் சேமித்துவிட்டால் அடுத்த முறை இந்தக் கேள்விகள் இல்லை.

மார்ச் 31 விலையை மட்டுமாவது இப்படி ஏற்றி வைப்பேன். ஆண்டு முடிவு அறிக்கை எடுக்கும்போது கைகொடுக்கும். அந்த அறிக்கையில் பிரைஸ் சோர்ஸ் என்ற விருப்பம் 'மோஸ்ட் ரீசன்ட்' என்று இருந்தால் மார்ச் மாத இருப்பை இன்றைய விலையால் பெருக்கும். அறிக்கைத் தேதி வரையிலான கடைசி விலை என்ற விருப்பத்துக்கு மாற்றுங்கள்.

போனஸும் ஸ்பிளிட்டும்

ரிலையன்ஸ் 2024 அக்டோபர் 28-ஐப் பதிவுத் தேதியாக வைத்து ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்தது. அன்று விலை ஏறக்குறைய பாதியானது. விலை மட்டும் தானாக வந்து, பங்கு எண்ணிக்கையை நீங்கள் ஏற்றாமல் விட்டால், சொத்தில் பாதி காணாமல் போனது போல் காட்டும். ஆக்ஷன்ஸ் மெனுவில் ஸ்டாக் ஸ்பிளிட் உதவியாளரைத் திறந்து, கூடுதலாக வந்த பங்குகளைப் பதிவுத் தேதியிட்டுச் சேர்த்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று, பழைய விலைகளை யாகூவிலிருந்து மொத்தமாக இறக்கி ஏற்ற வேண்டாம். பின்னால் வந்த போனஸுக்கும் ஸ்பிளிட்டுக்கும் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) ஏற்ப யாகூ பழைய விலைகளைக் குறைத்துக் காட்டும். உங்கள் குனுகேஷிலோ அந்தக் காலத்துப் பங்கு எண்ணிக்கை அப்படியே இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 2024-க்கு முந்தைய ரிலையன்ஸ் மதிப்பு பாதியாகிவிடும். பழைய நாளின் விலை வேண்டும் என்றால் அந்த நாளின் பாவ்காபிதான்.

தானாக ஓடச் செய்ய

குனுகேஷோடு அதன் கட்டளைவரி வடிவமும் வருகிறது. கோட்ஸ், கெட் என்ற இரண்டு சொல்லோடு உங்கள் கோப்பின் பெயரைக் கொடுத்தால் திரையைத் திறக்காமலே விலைகளை வாங்கிச் சேமித்துவிடும். லினக்ஸில் கிரான், விண்டோஸில் டாஸ்க் ஷெடியூலர் வழியாக வாரநாட்களில் காலை எட்டு மணிக்கு வைத்தால் போதும். அந்த நேரத்தில் கோப்பை குனுகேஷில் திறந்து வைத்திருக்கக் கூடாது, பூட்டு விழுந்திருக்கும். விலைப்பட்டியல் பெருத்துப் போனால் பிரைஸ் டேட்டாபேஸில் 'ரிமூவ் ஓல்ட்' பொத்தான் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கடைசி விலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொல்லலாம்.